கேட்பு மன்றத்தில் ஒரு கார்

கார் ஸ்பீக்கரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு காகிதக் கூம்பு, அதன் அடியில் ஒரு கம்பிச்சுருள், அருகில் ஒரு காந்தம். சுருளுக்குள் மின்சாரம் ஏறி இறங்கும்போது அது முன்னும் பின்னும் ஆடும். கூம்பும் கூடவே ஆடும். காற்று அதிரும், நமக்குப் பாட்டு கேட்கும். இதில் மர்மம் எதுவும் கிடையாது. மர்மமெல்லாம் சேவை மையத்தில் இருக்கிறது.

பல்செட் செய்கிற ஒருவர் இருந்தார். பல் மருத்துவர்கள் அனுப்பிவைக்கும் வாய் அச்சுகளை வரிசையாக அடுக்கி, மெழுகில் பல் நட்டு, சீவி, தேய்த்துப் பளபளப்பாக்குவது அவர் தொழில். நாள் முழுக்கப் பேசாத வாய்களோடு இருந்துவிட்டு மாலையில் காரில் ஏறினால், பேசுகிற ஒரு குரல் அவருக்குத் தேவைப்பட்டது. அந்தக் குரல் அவர் மனைவியுடையது.

மனைவி ஒரு சின்ன வானொலி நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். வேலை முடிந்து வண்டியோட்டிக்கொண்டு வீடு திரும்புகிறவர்களுக்கான மாலை நிகழ்ச்சி அவளுடையது. எந்தச் சாலையில் நெரிசல், எந்தப் பாலத்தில் லாரி நிற்கிறது, நடுநடுவே கொஞ்சம் அரட்டை, நேயர்களின் போன். நிலைய இயக்குநர் அவளைச் சோதனை முறையில்தான் சேர்த்திருந்தார். "மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் சொல்றேன், நீங்க இருக்கீங்களா இல்லையான்னு" என்றார்.

தினமும் வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக் கீழே வைப்பதற்கு முன்பே மனைவி கேட்பாள்: "என்னங்க, எப்படி இருந்தது?"

"சூப்பர்" என்பார் பல்செட்காரர்.

உண்மையில் அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. முதல் இலவச சர்வீஸ் முடிந்து கார் திரும்பிய நாளிலிருந்து, ஸ்டீரியோவில் யார் பேசினாலும் தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட குளவி கோபமாகப் பேசுவது போலவே கேட்டது.

மனைவி வானொலியில் பேசத் தொடங்கியதும் அதே சமயத்தில்தான். முதல் நாள், அவள் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்ததும் அவர் வாயிலிருந்து "சூப்பர்" தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகு மறுநாள் போய் "நேத்து எனக்கு எதுவுமே கேக்கல" என்று எப்படிச் சொல்வது? சூப்பர் நிரந்தரமாகிவிட்டது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. "சும்மா சூப்பர் சூப்பர்னா எப்படி? குறை ஏதாவது சொல்லுங்க. உங்களை விட்டா எனக்கு யார் சொல்லுவா?" என்று மனைவி வற்புறுத்தினாள். பல்செட்காரர் கொஞ்சம் யோசித்து, "இன்னும் மெதுவா பேசலாம்" என்றார். அவள் மெதுவாகப் பேசினாள். இன்னொரு நாள், "வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டா நல்லா இருக்கும்" என்றார். அவள் இடைவெளி விட்டாள். மறுநாளே நிலைய இயக்குநர் ஒலிப்பதிவு அறைக்குள் வந்து, மைக் ஒயர் எங்காவது விட்டுவிட்டு வேலை செய்கிறதா என்று குனிந்து பார்த்தாராம். இதை மனைவி சிரிக்காமல் சொன்னாள். தன் பொய் அவள் வேலையைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பல்செட்காரருக்குப் புரிந்துவிட்டது.

வேறு ரேடியோவில் கேட்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு குட்டி ரேடியோவை வாங்கி இருக்கையில் வைத்துப் பார்த்தார். காரின் தகரக் கூட்டுக்குள் அலை சரியாக நுழையாமல் அது மழை பெய்கிற சத்தத்தை மட்டும் ஒலிபரப்பியது. வேறு மெக்கானிக்கிடம் போகலாமே என்றால், நிறுவனத்தார் தவிர யார் ஒரு திருகைத் தொட்டாலும் உத்தரவாதம் போய்விடும் என்று கண்ணாடியிலேயே ஒட்டியிருந்தது. ஆகவே அவர் சேவை மையத்துக்குப் போனார்.

வரவேற்பில் கழுத்துப்பட்டை கட்டிய ஆலோசகர் எழுந்து நின்று கைகூப்பினார்.

"வாங்க சார். உங்கள் வருகை எங்கள் உவகை. என்ன பிரச்சனை?"

"ஸ்டீரியோ சத்தம் சரியில்லைங்க."

"சத்தம் வருதா, வரலையா?"

"வருது."

"வந்துட்டா பிரச்சனை இல்லையே சார்."

"கொரகொரன்னு வருதுங்க. யார் பேசினாலும் புரியல."

ஆலோசகர் கணினியைப் பார்த்தார். அதில் ஒலி சம்பந்தமாக இரண்டே வகைதான் இருந்தன: வரவேண்டிய இடத்தில் சத்தம் வரவில்லை, வரக்கூடாத இடத்தில் சத்தம் வருகிறது. "உங்களுக்கு வருது. அப்ப ரெண்டாவதுதான்" என்று அழுத்தினார். கார் சைலன்சர் பிரிவுக்குப் போனது. அங்கே நல்ல நிலையில் இருந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு அதைவிட நல்ல நிலையில் இருந்த இன்னொன்றை மாட்டினார்கள். இன்ஜின் சத்தமே இல்லாமல் போனதால், திரும்பும் வழியில் குளவியின் கோபம் முன்பைவிடத் துல்லியமாகக் கேட்டது.

வாசலைத் தாண்டியதுமே அவர் வண்டியைத் திருப்பினார். காவலாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இப்பதானே சார் வெளிய போனீங்க?"

"சரியாகலைங்க. அதான்."

"கேட்டைத் தாண்டிட்டா திருப்தியா போனதா கணக்கு சார். இனிமே இது புது வருகை. டோக்கன் போட்டுட்டு வாங்க."

இரண்டாவது முறை மாடியில் இருந்த ஒலி அதிகாரியைப் பார்க்க அனுமதி கிடைத்தது. மெல்லிய குரலில் பேசும் மனிதர். உரத்த குரல் கருவிகளின் மனநிலையைக் கெடுக்கும் என்பது அவர் நம்பிக்கை.

"உங்க வண்டியைச் சோதிச்சாச்சு சார். ரொம்பத் தெளிவா இருக்கு."

"எனக்குக் கேக்கும்போது மட்டும் கொரகொரங்குதே?"

"அதைத்தான் சொல்ல வரேன்." அதிகாரி ஒரு காகிதத்தில் இரண்டு வட்டங்கள் போட்டு நடுவே ஒரு கோடு இழுத்தார். "சத்தம் இங்க கிளம்புது. இது ஸ்பீக்கர், எங்க பொறுப்பு. இங்க போய் முடியுது. இது காது, உங்க பொறுப்பு. எங்க பக்கம் சுத்தம். அப்ப மிச்சம் என்ன?"

பல்செட்காரரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டி, 'பீப்' கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். எல்லா பீப்பிலும் தூக்கினார். ஒலி அதிகாரி ஏமாற்றத்தோடு முடிவைப் படித்தார். "காது நல்லாத்தான் இருக்கு" என்றார், நோயாளியிடம் கெட்ட செய்தி சொல்கிற தொனியில். "ஆனா காது மட்டும் கேட்டாப் போதுமா சார்? மனசு கேக்கணுமே?"

எனவே அடுத்த அறையில் எதிர்பார்ப்பு ஆலோசனை நடந்தது. அங்கிருந்த அம்மையார் கண்களை மூடச் சொல்லி, ஒரு காரின் முதன்மைக் கடமை என்ன என்று கேட்டார். "போறது" என்றார் பல்செட்காரர். "உங்க கார் போகுதா?" "போகுது." "அப்ப உங்களுக்கு என்னங்க குறை?" என்று அவர் கேட்ட விதத்தில், தான் ஏதோ பேராசைக்காரன் என்ற எண்ணம் பல்செட்காரருக்கே வந்தது. கண்ணைத் திறந்து கீழே போய்ச் சாவியைத் திருப்பினார். குளவி அப்படியே இருந்தது.

அடுத்தடுத்துப் போனபோது, "மனைவியின் குரலே இப்படித்தானோ?" என்று ஒருவர் நாசூக்காகக் கேட்டார். இன்னொருவர், நிறுவனம் அங்கீகரித்த புல்லாங்குழல் இசையை மட்டும் கேட்டுப் பழகலாமே என்றார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை முழுக்கக் கவனமாக் கேளுங்க" என்று மனைவி சொல்லியிருந்தாள். "எங்க சறுக்கினேன்னு சொல்லுங்க. இயக்குநர் கேட்டா நானே முன்னாடி ஒத்துக்கணும். எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்குங்க."

பல்செட்காரர் வரவேற்பில் போய் நின்று, வாழ்க்கையில் முதல் முறையாக மேசையைத் தட்டினார். தட்டிய சத்தம் வரக்கூடாத இடத்தில் வந்த சத்தம் என்று பதிவாகி, விஷயம் கேட்பு மன்றத்துக்குப் போனது.

கேட்பு மன்றம் என்பது அந்த நிறுவனத்தின் உச்ச அமைப்பு. சுவரெல்லாம் ஒலியை உறிஞ்சும் பஞ்சு முக்கோணங்கள் ஒட்டிய பெரிய அறை. நடுவில் வட்டக் கம்பளத்தின் மேல் கார். எதிரே மூன்று நாற்காலிகள்: பொது மேலாளர், ஒலி அதிகாரி, மகிழ்ச்சி அதிகாரி. எல்லோர் காலிலும் சத்தம் வராமலிருக்கத் துணியுறை. பல்செட்காரர் கெஞ்சிக் கேட்டதால் வெள்ளிக்கிழமை மாலை, மனைவியின் நிகழ்ச்சி நேரத்துக்கே மன்றம் கூடியது.

பொது மேலாளர் எழுந்தார். "இந்த நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு ஸ்டீரியோகூடப் பழுதானதாக நிரூபிக்கப்பட்டதில்லை. ஏன்? ஒவ்வொரு புகாரையும் புகார் தீரும் வரை அல்ல, புகார்தாரர் தீரும் வரை விசாரிக்கிறோம்" என்றார். மற்ற இருவரும் சத்தம் வராமல் கை தட்டினார்கள்.

ஒலி அதிகாரி காருக்குள் குனிந்து ஒரு பொத்தானை நெடுநேரம் அழுத்தினார். பிறகு ஒலியளவைச் சோதனைக்கோட்டில் நிறுத்தினார். "இது அங்கீகரிக்கப்பட்ட அளவு. மன்றம் முடியற வரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் புல்லாங்குழல் இசையைத் தேடினார்.

"ரேடியோ வைங்க சார்" என்றார் பல்செட்காரர். "எனக்கு அதுதான் கொரகொரங்குது."

மூவரும் தங்களுக்குள் கிசுகிசுத்துவிட்டு இணங்கினார்கள். ரேடியோ பேசியது.

"...பாலத்துக்குக் கீழ நின்ன லாரியை எடுத்துட்டாங்க. அந்தப் பக்கம் போறவங்க இனிமே தாராளமா..."

பல்செட்காரர் கார் ஜன்னலுக்கு நெருங்கிப் போனார். அவள் குரல். சமையலறையிலிருந்து கூப்பிடுகிற அதே குரல், அதைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரிந்தது.

"பாத்தீங்களா?" என்றார் ஒலி அதிகாரி. "தெளிவு."

"இப்ப என்னமோ அழுத்தினீங்களே, அது என்ன?"

"தரநிலைக்குக் கொண்டுவந்தேன். எல்லா அமைப்பையும் நடுவுல வைக்காம சோதிக்கக்கூடாதுன்னு விதி."

"அப்ப அதுக்கு முன்னாடி எப்படி இருந்தது?"

"அது என் துறை இல்லை. சோதனை முடிஞ்சதும் வண்டி கீழே மகிழ்ச்சிப் பிரிவுக்குப் போயிடும்."

மகிழ்ச்சி அதிகாரி நெஞ்சை நிமிர்த்தினார். "எங்ககிட்ட வந்த எந்த வண்டியும் சும்மா வெளிய போகாது சார். தடிச்ச சத்தம் பேஸ் முழுசு, கீச்சு சத்தம் ட்ரெபிள் முழுசு, உள்ளே வர்ற சிக்னல் முழுசு. சர்வீஸ் முடிஞ்சு சாவியைத் திருப்பினா வாடிக்கையாளருக்கு நெஞ்சு அதிரணும்! அதுதான் மகிழ்ச்சி. தெரியாம யாராவது குறைச்சுடக் கூடாதேன்னு பூட்டியும் வச்சிடுவோம்."

நடந்தது இதுதான். எல்லா ஸ்டீரியோவுக்கும் ஒரு எல்லை உண்டு. தாழ்ந்த கூரைக்குக் கீழே குதிக்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அளவாகக் குதித்தால் ஒன்றுமில்லை; இன்னும் உயரம் என்று விரட்டினால் தலை கூரையில் இடித்து நசுங்கும். ஒலியலையும் அப்படித்தான். எல்லையைத் தாண்டச் சொன்னால் அதன் உச்சி தட்டையாகிவிடும். காதுக்குக் கொரகொரப்பாகக் கேட்கும். இங்கே உள்ளே நுழையும்போதே நசுங்கிவிடுவதால், பிறகு ஒலியளவைக் குறைத்தும் பயனில்லை. கசங்கிய சட்டையைச் சின்னதாக மடித்தால் சின்னக் கசங்கிய சட்டைதான் கிடைக்கும்.

ஆக மாடியில் சரிசெய்து சோதித்தார்கள். கீழே கெடுத்து அனுப்பினார்கள். இரண்டு துறையும் ஒன்றையொன்று சந்தித்தது இன்றுதான்.

"அப்ப நீங்கதானா அது?" என்றார் ஒலி அதிகாரி, முதல் முறையாகக் குரல் உயர்த்தி.

"நீங்க வெறுமையா அனுப்பற வண்டிக்கு நாங்கதான்யா உயிர் குடுக்கறோம்!" என்றார் மகிழ்ச்சி அதிகாரி.

"உஷ்!" என்றார் பல்செட்காரர். ரேடியோவில் பெயர் சொல்லாமல் அவரைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது.

"இன்னைக்குத் தலைப்பு, வீட்டுக்குள்ள சொல்ற பொய். நானே ஆரம்பிக்கறேன்" என்றாள் மனைவி. "என் வீட்டுக்காரர் தினமும் கார்ல என் நிகழ்ச்சியைக் கேக்கறார். சூப்பர்ங்கறார். போன வாரம் ஒரு நாள் நிகழ்ச்சி நேரத்துல எனக்குத் தொண்டை கட்டி, வீட்டுக்குப் போறதுக்குள்ள சரியாயிடுச்சு. எனக்குப் பதிலா நிகழ்ச்சி பண்ணது எங்க ஸ்டேஷன் இன்ஜினியர் அண்ணன். உங்கள்ல கேட்டவங்களுக்குத் தெரியும், இடி மாதிரிக் குரல் அவருக்கு. அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் எங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? 'இன்னைக்கு உன் குரல்ல ஒரு தனி இனிமை'ன்னார்."

வாசலோரம் நின்ற வரவேற்பு ஆலோசகர் சிரிப்பை அடக்கக் கழுத்துப்பட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

"இப்ப அவர் கார்ல இருப்பார். நான் பேசறது காதுல விழுந்தா கூப்பிடட்டும். விழலைன்னா கூப்பிட மாட்டார். நானும் தெரிஞ்சுக்கறேன், இத்தனை நாளா நான் யார் பேச்சைக் கேட்டு மெதுவா பேசிக்கிட்டு இருந்தேன்னு."

கடைசி வரியில் விளையாட்டு இல்லை. பல்செட்காரர் நிலையத்துக்குப் போன் போட்டார். நிலையத்தில் உடனே இணைத்துவிட்டார்கள்.

"ஹலோ, நான்தா—"

"ஙீ...ஈஈஈங்ங்!" என்று அறையே அலறியது. இதுவும் எளிய விஷயம்தான்: போனில் போன சத்தம் நிலையத்துக்குப் போய், ரேடியோவில் வந்து, மறுபடி போனுக்குள் நுழைந்து, தன் வாலைத் தானே துரத்துகிற நாயாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"யாரோ லைன்ல இருக்கீங்க. பக்கத்துல ரேடியோவைக் கொஞ்சம் குறைங்க!" என்றாள் மனைவி.

பல்செட்காரர் குமிழை நோக்கிப் பாய்ந்தார். ஒலி அதிகாரி குறுக்கே கை நீட்டினார். "மன்றம் நடக்கும்போது அளவை மாத்தக்கூடாது சார்!"

"அப்ப நீங்க மாத்துங்க!"

"பொது மேலாளர் அனுமதிக்கணும்."

பொது மேலாளருக்கு அப்போதுதான் இது ஊரெல்லாம் கேட்கிற ஒலிபரப்பு என்று உறைத்தது. அனுமதி தருவதற்குப் பதில் போனை வாங்கிக்கொண்டார். குரலைச் சரிசெய்தார்.

"நேயர் பெருமக்களுக்கு வணக்கம்! எங்கள் நிறுவனத்தின் ஸ்டீரியோவில் சிதைவு என்ற பேச்சுக்கே இட—ஙீஈஈ—மில்லை! தெளிவே எங்கள் உயி—க்ர்ர்ஈஈங்—"

"சார், நீங்க யாரு? ஒண்ணுமே புரியல. ரேடியோவைக் குறைங்க!"

"அது தரநிலையில் இருக்கிறது அம்மா! தெளிவாகத்தான் இரு—ஙீஈஈஈ—"

"நெஞ்சு அதிருது சார், அப்படியே பேசுங்க!" என்றார் மகிழ்ச்சி அதிகாரி, மனம் நிறைந்து.

பல்செட்காரர் வேறெதையும் யோசிக்கவில்லை. காருக்குள் கையைவிட்டுச் சாவியை உருவினார்.

அமைதி. பஞ்சு முக்கோணங்கள் அந்த அமைதியை இன்னும் கெட்டியாக்கின. சாவியை எடுப்பது பற்றி விதிகளில் எதுவும் இல்லாததால் யாரும் அவரைத் தடுக்கவில்லை. பல்செட்காரர் பொது மேலாளரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போனை மீட்டார்.

"நான்தான் பேசறேன்."

"கேட்டீங்களா?" என்றாள்.

"இன்னைக்குத்தான் கேட்டேன். முதல் முறையா."

"ம்."

"கார் ஸ்டீரியோ சர்வீஸுக்கு அப்புறம் கெட்டுப்போச்சு. முதல் நாளே சூப்பர்னு சொல்லிட்டேன். அப்புறம் வெளிய வர வழி தெரியல."

"மெதுவா பேசச் சொன்னது?"

"சும்மா."

"இடைவெளி விடச் சொன்னது?"

"அதுவும் சும்மாதான்."

"எங்க இயக்குநர் அதுக்காக ஒயரையே மாத்தினார், தெரியுமா?" ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. "சரி. இன்னைக்குத்தான் காது கேட்டுடுச்சே. எப்படி இருந்தது?"

வழக்கமான வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது. அவர் அதை விழுங்கினார். "நல்லா இருந்தது. லாரி விஷயம் சொன்னப்போ பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருந்தது. ஆனா கோவம் வந்ததும் வேகம் எடுத்துடற. கடைசி வார்த்தையை முழுங்கிடற."

அவர் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

"இப்பதாங்க உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கீங்க" என்றாள், கடைசி வார்த்தையை விழுங்காமல். "வையுங்க, லைன்ல நிறைய பேர் காத்திருக்காங்க."

காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள். சர்வீஸுக்குப் பிறகு தங்கள் காரிலும் அதே குளவிதான் என்றார் ஒருவர். ஒரு தாத்தா தனக்குக் காது போய்விட்டது என்று நம்பிக் காது மெஷினே வாங்கிவிட்டாராம். இயக்குநர் நிகழ்ச்சி நேரத்தை நீட்டச் சொன்னார். அவளை நிலையத்தில் நிரந்தரமாக்குவது என்று அதற்குள் அவர் முடிவு செய்துவிட்டிருந்தார்.

நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. விசாரணை வைத்தது. அந்த நிகழ்ச்சிக்கு முன்பு இத்தனை புகார்கள் வந்ததே இல்லை என்பதால் புகார்களுக்குக் காரணம் அந்த நிகழ்ச்சிதான் என்று கண்டறிந்தது. மகிழ்ச்சி அதிகாரிக்குப் பதவி உயர்வு. பல்செட்காரரின் வண்டிக்கு மட்டும், "இவருக்கு மகிழ்ச்சி வேண்டாம்" என்று சிறப்பு ஆணை பிறப்பிக்கப்பட்டது. எல்லா அமைப்பும் நடுவில் நிற்க, அவர் கார் தெளிவாகப் பாடுகிறது.

தெளிவாகக் கேட்பதில் உள்ள சங்கடம் அவருக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மனைவி இப்போதெல்லாம் நெரிசல் செய்திக்கு நடுவே, "அப்புறம் எங்க வீட்டுக்காரர், வரும்போது குளியல் சோப்பும் ஒரு பல்பும் வாங்கிட்டு வந்துடுங்க" என்று சேர்த்துக்கொள்கிறாள். காதில் விழவில்லை என்று இனி அவரால் சொல்ல முடியாது. நேற்று கடை வாசலில் காரை நிறுத்தி இறங்குவதற்குள் கடைக்காரர் பையோடு வெளியே வந்துவிட்டார்.

"எல்லாம் போட்டுட்டேன் சார். நீங்க இறங்கறதுக்குள்ள அக்கா ரேடியோவுல தீப்பெட்டியும் சொன்னாங்க, அதையும் வச்சிருக்கேன்."